எழுதிய அளவே அளவு

மூன்றாம் ஆண்டில் முட்டம் பாறைமேல்
ஒரு விடுதி வரைந்தேன், முழுக்கக் கண்ணாடி.
ஆடிக் காற்று உப்பை அள்ளி வருமென்று
அந்தக் காற்றிலேயே வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை.
நான்காம் ஆண்டு குலசேகரத்தில் தேன் கூடம்.
அறை அறுகோணம், முற்றம் அறுகோணம்,
கழிப்பறையும் அறுகோணம்.
கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்றார்கள்.
திறக்காது.

கடைசி ஆண்டு, குளச்சலில் மீன் ஏலக்கூடம்.
பாய் விரித்த மாதிரி கூரை.
நாலு இரவு பால்சா மரம் அறுத்து
விரலில் பசை காய்ந்து தோலாகிவிட்டது.
சென்னையிலிருந்து வந்த நடுவர்
மாடலைத் தூக்கி அடியில் பார்த்தார்.
"மீன் கழுவின தண்ணி எங்கம்மா போகும்?"
கூரையைப் பற்றி முப்பது பக்கம் எழுதியிருந்தேன்.
அறுபத்திரண்டு மதிப்பெண்.

பிறகு வடசேரியில் ஒரு மாடி, ஒன்பதாயிரம் சம்பளம்.
தக்கலை, திங்கள்நகர், அழகியமண்டபம் என்று
ஒரு வருடத்தில் பதினேழு படிக்கட்டு.
துபாயிலிருந்து வாட்ஸப்பில் வரும் முகப்புகளுக்குப்
பின்னால் ஒளித்துவைக்க வீடுகள்.
மொட்டைமாடியில் ரப்பர் ஷீட் காயப்போட
இடம் கேட்ட ஒருவர் மட்டும் சொன்னார்,
"இதுக்குப் படம் கிடைக்கல்ல, நீங்களே வரையுங்கோ."
அன்று மதியம் சாப்பிட மறந்தேன்.

கருங்கல் சந்தையில் மீன் மேடை,
யாருக்கும் வேண்டாத வேலை, என் மேஜைக்கு வந்தது.
டேப்போடு போனேன்.
குறும்பனை டெல்பின் அக்கா
தலையில் சருவத்தோடு நின்று
இறக்கிவிட ஆள் தேடி
இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.
ஆள் இல்லாமல் இறக்க எவ்வளவு உயரம் வேண்டும்?
"கொஞ்சம் அசையாம நில்லுங்கக்கா."
"சவப்பெட்டிக்கா அளவெடுக்க, மக்ளே?"
சந்தை முழுக்கச் சிரித்தது.
பதினோரு பேரை அளந்தேன்.
நாலரை அடியில் ஒரு கல் விளிம்பு.

தளத்துக்குச் சரிவு, வடிகாலுக்குச் சரிவு,
ஆணி தவிர எல்லாவற்றுக்கும் அளவு எழுதினேன்,
விளிம்பைத் தவிர.
ஜெராக்ஸ் கடைக்காரர் தாளுக்குள் அடங்கச் சுருக்கினார்.
கொத்தனார் கிறிஸ்துதாசன் ஸ்கேலை வைத்துப் பார்த்தார்.
நாலு அடி.
கருப்புக் கிரானைட் பதித்து, மெழுகும் போட்டுவிட்டார்.
இடிக்கச் சொன்னேன்.
தாளை என் முகத்துக்கு நேரே விரித்தார்.
"எங்க எழுதியிருக்கு, நீயே காட்டு."

முதல் நாள் காலை டெல்பின் அக்கா
முழங்கால் மடக்கி முயன்றாள்.
சருவம் சரிந்து மீன்தண்ணீர் கழுத்தில் வழிந்தது.
ஒன்றும் சொல்லவில்லை.
இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள்.
நான்தான் போய்ப் பிடித்தேன்.
கனம் என்பது அதுவரை எனக்கு
ஒரு சூத்திரத்தின் இடப்பக்கம்.

ஐப்பசியில் மழை கொட்டியது. பார்க்கப் போனேன்.
தளத்தில் தண்ணீர் நிற்கவில்லை.
செதில்கள் மினுங்கிக்கொண்டு
நான் சொன்ன பக்கமே ஓடின.
விளிம்பின்மேல் வரிசையாக
ஆறங்குல ஹாலோ பிளாக், படுக்கவைத்து.
யார் வைத்தது? யாரும் வைக்கவில்லையாம்.

அன்றிலிருந்து என் தாள்களின் மூலையில்
பொடி எழுத்தில் ஒரு வரி:
இந்தத் தாளை அளக்காதீர், எழுதிய அளவே அளவு.

"அந்தக் கல்லை எடுத்துட்டுப் போட்டோ எடு,
வெப்சைட்டுல போடணும்" என்றார் முதலாளி.
ஒன்பது மணிக்குப் போனேன்.
கல்லின்மேல் சருவம், சருவத்தில் சாளை.
காத்திருந்தேன். கூட்டம் குறையவில்லை.
நூறு ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு திரும்பினேன்.
நாகர்கோவில் பஸ்ஸில் பை ஒழுகியது.
வளைவுக்கு வளைவு
தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறதென்று
பார்த்துக்கொண்டே வந்தேன்.